அப்பா குடிச்சா தங்கச்சி ஏன் வீட்டை விட்டுப் போகணும்?

வெள்ளிக்கிழமை கடைசி ஹவர் முடியறதுக்குள்ள அவன் தோளில் பேக் ஏறியிருக்கும். "மச்சி, ஊருக்குடா!" அவ்வளவுதான்... ஆள் எஸ்கேப்! ரெண்டரை வருஷத்தில் ஒரே ஒரு வாரம் தவிர, சனி, ஞாயிறு அவன் ஹாஸ்டலில் தங்கியதில்லை. சிம்போசியம், கல்ச்சுரல்ஸ், ரூம்மேட் பர்த்டே... எதுக்கும் நிற்க மாட்டான். "ஊர்ல யாருடா அந்த ஃபிகரு?" என்று கும்பலாகக் கலாய்ப்போம். சிரிச்சுட்டே பஸ் ஏறிடுவான்.

ஊரில் இருந்தது எட்டாம் வகுப்பு படிக்கிற தங்கச்சி. அவன் அப்பாவுக்கு சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம். வாங்கின கையோடு எங்கே போவார், எத்தனை மணிக்கு என்ன நிலைமையில் திரும்புவார் என்பதெல்லாம் அவனுக்கு பஸ் டைமிங் மாதிரி மனப்பாடம். அந்த ராத்திரி அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நிற்க ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் அந்த பஸ்.

அவனை இந்தக் கட்டுரை முழுக்க 'அவன்' என்றே வைத்துக்கொள்வோம். ஊர், ஸ்கூல் எதுவும் கிடையாது. அவனும் தங்கச்சியும் படிச்சுப் பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் இது அச்சுக்கு வருது. அதுவும் போக, குழந்தை நலக் குழு முன்னால் வந்த ஒரு குழந்தையை அடையாளம் தெரியும்படி எழுதினால், இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவில் ஆறு மாசம் வரை உள்ளே போகலாம். எனக்கு இன்னும் மூணு செமஸ்டர் பாக்கி இருக்கு பாஸ்!

போன வருஷம் ஆகஸ்ட். இன்டர்னல் டெஸ்ட் நடந்துட்டிருந்ததால் அந்த வாரம் மட்டும் அவனால் ஊருக்குப் போக முடியலை. சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு போன். "அண்ணா, அம்மா கையில ரத்தம் வருதுண்ணா..." பக்கத்து வீட்டு அக்கா போனில் இருந்து பேசினாள். அப்பா கதவை உடைச்சிருக்கார். அதுக்கு முந்தின வாரம்தான், அவனுக்கு பதினொண்ணாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளை அப்பா வித்துட்டார். அதில்தான் அவள் ஸ்கூலுக்குப் போய்ட்டு இருந்தாள். சைக்கிள் போனதில் இருந்து ஸ்கூலும் போச்சு.

மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். அவன் செல்போனில் 1098 என்று நாலு நம்பரை அடிப்பான், அழிப்பான். திரும்ப அடிப்பான், அழிப்பான். "கூப்பிடுடா"ன்னேன். "கூப்பிட்டா தங்கச்சியைக் கொண்டுபோய் ஹோம்ல போட்டுடுவாங்கடா. குடிக்கிறது அவரு, தண்டனை அவளுக்கா?" என்றான். அவன் அம்மாவும் இதையேதான் சொல்லி வெச்சிருந்தாங்களாம். "புள்ளையப் புடிச்சுட்டுப் போயிருவாங்க... கம்முனு இரு!"

நம்ம ஊரில் எத்தனை வீடுகளில் இந்த ஒரு பயத்தால் அந்த போன் அடிக்கப்படாமலே போகுதோ! ஆனா, சட்டத்தைப் படிச்சா அது வேற மாதிரி பேசுது. 2015-ல் வந்த இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-வது பிரிவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் முதல் பொறுப்பு குடும்பத்துக்குத்தான் என்கிறது. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி. வீட்டோடு இருந்தபடியே மேற்பார்வை, சொந்தக்காரங்க வீடு, நிதி உதவி எல்லாம் அதுக்கு முன்னால் வரணும். குழந்தையைக் காப்பாத்த முடியாத நிலையில் பெற்றோர் இருந்தால், அந்தக் குழந்தை 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை'. போலீஸோ வேறு யாரோ அப்படி ஒரு குழந்தையை எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தை நலக் குழு முன்னால் நிறுத்தணும். 15 நாளில் வீட்டு நிலவரம் பற்றி விசாரணை அறிக்கை. நாலு மாசத்துக்குள் கடைசி உத்தரவு. ஒரு தலைவர், நாலு உறுப்பினர்கள்... மாவட்டத்துக்கு மாவட்டம் இந்தக் குழு இருக்கு. நாங்க இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டது பின்னாடிதான். அன்னிக்கு ராத்திரி ரெண்டரை மணிக்கு, ஒண்ணும் தெரியாமல், நடுங்கிக்கிட்டேதான் அவன் கால் பண்ணினான்.

அயர்ன் பண்ணின சட்டை!

குழு கூடின அன்னிக்கு நானும் கூடப் போனேன், துணைக்கு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் அப்பா வந்தார். எனக்கு ஷாக்! அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டை, நெத்தியில் திருநீறு, ஷேவ் பண்ணின முகம். "தம்பி, நீங்களும் இன்ஜினீயரிங்தானா? நல்லா படிக்கணும்" என்று என்னிடம் அவ்வளவு தன்மையாகப் பேசினார். வில்லன் மாதிரி ஒருத்தரை எதிர்பார்த்துப் போன எனக்கு என்ன பேசறதுன்னே தெரியலை.

உள்ளே தங்கச்சியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாங்க. "உனக்கு எங்கே இருக்கப் பிடிக்குது?" என்று அவளிடமே கேட்டாங்களாம். "அம்மாயி வீட்ல" என்றாள். அம்மாவைப் பெத்த பாட்டி, பக்கத்து தாலூகாவில் தனியா இருக்காங்க. இப்போதைக்கு அங்கே அனுப்பலாம் என்று முடிவாச்சு. ஹோம் என்ற பேச்சே வரலை. அவன் மூச்சு விட்ட சத்தம் பெஞ்சு பூரா கேட்டது.

அப்பாகிட்ட ஒரு உறுதிமொழி எழுதி வாங்கினாங்க. 'இனி குடிக்க மாட்டேன். மகளை நல்லபடியாகப் பார்த்துக்கொள்வேன்.' கையெழுத்துப் போடும்போது அவர் கண்ணில் தண்ணி. அவர் பொய் சொல்லலை. அன்னிக்கு சாயங்காலத்தில் இருந்து நிஜமாகவே ஒரு சொட்டு தொடலை.

மூணாம் நாள் விடியக்காலை அவருக்கு வலிப்பு வந்தது.

பல வருஷமாக தினமும் குடிக்கிற உடம்பு, ஒரே நாளில் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொன்னார். கை நடுக்கம், வேர்வை, தூக்கமின்மையில் ஆரம்பிக்கும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். ரெண்டு மூணு நாள் கழிச்சு இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், இடம், காலம் குழம்பும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் நாள்பட்ட குடியை டாக்டர் மேற்பார்வையில், மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்து நிறுத்துறாங்க. கையெழுத்து வாங்கின அறையில் இருந்த யாராவது ஒருத்தர், "நாளைக்கு இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தால் போதும். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. அவங்க மகளைப் பத்தி யோசிச்சாங்க. அப்பாவைப் பத்தி யோசிக்கிற ஆள் அந்த அறையில் இல்லை.

ஆஸ்பத்திரியில் அப்படியே உல்டா! அட்மிஷன் ஷீட்டில் 'குழந்தைகள்' என்று ஒரு கட்டம். 2 என்று எழுதினாங்க. அதோட சரி. அந்த ரெண்டில் ஒண்ணு இப்போ வீட்டில் இல்லை, ஒரு குழுவின் பொறுப்பில் பாட்டி வீட்டில் இருக்கு என்பதை அங்கே யாரும் கேட்கவும் இல்லை, நாங்களும் சொல்லலை.

மூணு துறை, ஒரு வீடு

இதான் எனக்கு உறுத்தின மேட்டர். பாட்டிலை விற்கிறது மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் கீழ் வருகிற டாஸ்மாக். சில்லறை விற்பனை 2003-ல் அரசு கைக்கு வந்தது. 2023-24-ல் மட்டும் அதில் வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். குடிச்சு விழுந்தவரைத் தூக்கி வைத்தியம் பார்க்கிறது மக்கள் நல்வாழ்வுத் துறை. பிப்ரவரி 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்தாங்க. நல்ல விஷயம். அவர் பிள்ளையைப் பார்த்துக்கிறது சமூக நலத் துறை பக்கம். மூணு துறைக்கும் மூணு ஃபைல். ஆனா, வீடு ஒண்ணுதானே? மூணு ஃபைலையும் கையில் தூக்கிக்கிட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினது யாருன்னு நினைக்கறீங்க? ஆறாவது செமஸ்டர் படிக்கிற என் ரூம்மேட்தான்.

வேற எங்கேயாவது இந்த மூணு ஃபைலையும் ஒரே மேஜையில் வெச்சுப் பார்த்திருக்காங்களா என்று தேடினேன். லண்டனில் சிக்கினது. அங்கே அப்பா, அம்மா போதையில் இருந்தால் குழந்தையை அரசாங்கம் கோர்ட் மூலம் எடுத்துக்கொள்ளும். அதுக்கு அப்புறம் அந்த அம்மாவை யாரும் கவனிக்கிறதில்லை. அவங்களுக்கு இன்னொரு குழந்தை பிறக்கும், அதுவும் போகும். இதைப் பார்த்துச் சலித்துப்போன நீதிபதி நிக்கோலஸ் கிரைட்டன், 2008-ல் குடும்பங்களுக்கான போதை மற்றும் மது நீதிமன்றம் என்று ஒன்றை ஆரம்பிச்சார். ஐடியா அமெரிக்காவில் இருந்து வந்தது. நெவாடா மாநிலத்தில் 1990-களின் நடுவிலேயே இப்படி ஒரு கோர்ட் ஓடிட்டிருந்தது.

இங்கே என்ன விசேஷம்? ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அம்மாவோ அப்பாவோ அதே நீதிபதி முன்னால் வந்து உட்காரணும். வக்கீல் கிடையாது, நேருக்கு நேர் பேச்சு. "போன தடவை டெஸ்ட் க்ளீனா இருந்ததே, இந்த வாரம் என்ன ஆச்சு?" என்கிற ரேஞ்சில்தான் விசாரணை. பக்கத்திலேயே போதை சிகிச்சை ஆள், மனநல மருத்துவர், குழந்தைகளுக்கான சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே டீம். ப்ரூனெல் பல்கலைக்கழகம் இதைப் பல வருஷம் ஆய்வு பண்ணி 2014-ல் ரிசல்ட் சொன்னது. இந்த கோர்ட்டுக்கு வந்த அம்மாக்களில் 40 சதவிகிதம் பேர் போதையை விட்டிருந்தாங்க. வழக்கமான கோர்ட்டில் 25. போதையையும் விட்டு, குழந்தையும் கையில் என்று ஆனவர்கள் இங்கே 35, அங்கே 19.

உடனே விசில் அடிச்சிடாதீங்க. நூத்துக்கு அறுபது பேர் அங்கேயும் விடலை. அவங்க குழந்தைகள் வேற வீட்டுக்குத்தான் போனாங்க. ஆனா, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டுட்டு, கொடுக்கவேண்டிய சான்ஸைக் கொடுத்துட்டு எடுத்த முடிவு அது. அந்த வித்தியாசம் பெருசுன்னு எனக்குத் தோணுது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இன்னொரு மாடல். குழந்தைகள் நல அதிகாரியோடு, ஒரு காலத்தில் தானே போதையில் இருந்து மீண்ட ஒருத்தரும் அந்த வீட்டுக்குப் போறார். அட்வைஸ் பண்ண வர்ற ஆபீஸரைவிட, அந்தப் பள்ளத்தில் விழுந்து ஏறி வந்த ஆள் சொன்னால் கேட்பாங்க இல்லையா?

இதெல்லாம் ஃபாரின் சமாசாரம் என்று தள்ளிடவும் முடியாது. சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரை மதுவுக்குப் பறிகொடுத்தவர், 1980-ல் ஆரம்பிச்ச டி.டி.கே. மருத்துவமனையில் குடிக்கிறவருக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிறதில்லை. வீட்டில் இருக்கிறவங்களுக்கும் தனியாக சிகிச்சைத் திட்டம் உண்டு. 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தாங்க. ஆக, குடியை ஒரு குடும்பத்தோட நோயாகப் பார்க்கணும் என்பது நம்ம ஊருக்கு நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே தெரியும். குழந்தை நலக் குழுவின் மேஜைக்குத்தான் அது இன்னும் வந்து சேரலை.

காசு மேட்டருக்கு வருவோம். ஜூன் 2024, கள்ளக்குறிச்சி கருணாபுரம் ஞாபகம் இருக்கா? விஷச் சாராயத்தில் 60 பேருக்கு மேல் இறந்தாங்க. அப்பா, அம்மா ரெண்டு பேரையும் இழந்த பிள்ளைகளுக்கு 5 லட்ச ரூபாய் வைப்புத்தொகை, 18 வயசு வரை மாசம் 5,000 ரூபாய், படிப்புச் செலவு என்று அரசு அறிவிச்சது. கட்டாயம் கொடுக்க வேண்டியதுதான். ஆனா, ஒரே ராத்திரியில் சாகாமல், இருபது வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கிட்டு இருக்கிற அப்பாவோட பிள்ளைக்கு?

அதுக்கும் ஒரு வழி இருக்கு. 'மிஷன் வாத்சல்யா'வில் நிதி ஆதரவு என்று குழந்தைக்கு மாசம் 4,000 ரூபாய். காசு இல்லை என்ற ஒரே காரணத்தால் குழந்தை இல்லத்துக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் ஐடியாவே. சட்டத்தின் 45-வது பிரிவில் யாருக்கெல்லாம் கொடுக்கலாம் என்று ஒரு பட்டியல் வருது... அம்மா விதவை, விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர். அநாதையாகி உறவினர் வீட்டில் வளரும் குழந்தை. பெற்றோருக்கு உயிருக்கு ஆபத்தான நோய். விபத்தில் முடங்கிய பெற்றோர். குடி? அந்த வார்த்தையே இல்லை! ஆனா, 'இவையும் அடங்கும்' என்கிற மாதிரிதான் அந்தப் பட்டியல் ஆரம்பிக்குது, இவை மட்டும்தான் என்று மூடலை. அதனால் கேட்கலாம். கேட்டோம். வருமானச் சான்றிதழ் வேணும். கிராமம்னா வருஷம் 72,000, மத்த இடத்தில் 96,000-க்குள் இருக்கணும். இங்கே ஒரு கூத்து... அப்பா சம்பளத்தைச் சேர்த்தால் வரம்பு தாண்டுது. அந்தச் சம்பளம் வீட்டு வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை என்பது சான்றிதழுக்கு எப்படித் தெரியும்? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அம்மாயி பேரில் எழுதிக் கொடுத்திருக்கோம். நான் இதை எழுதும் வரை பதில் வரலை.

தெரியாமல் பண்ணின தப்புகள்

அவன் அம்மா ரெண்டு வருஷமாக ஒரு பொடியை ரசத்தில் கலந்து கொடுத்துட்டு இருந்தாங்களாம். 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்ற விளம்பரம் பார்த்து வாங்கினது. அதில் என்ன இருந்ததோ கடவுளுக்கே வெளிச்சம். குடியை நிறுத்தக் கொடுக்கிற டைசல்பிராம் மாதிரி நிஜ மருந்துகூட, மேலே சரக்கு உள்ளே போனால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் விழுவது என்று ஆளையே சாய்ச்சிடும். அதனால்தான் சாப்பிடுகிறவர் சம்மதத்தோட, டாக்டர்தான் கொடுக்கணும். உங்க வீட்டு ரசத்தில் அப்படி எதாவது கலந்தால் இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க.

அடி, உதை என்று போகும்போது, வீட்டை விட்டுப் போகவேண்டியது அம்மாவும் பிள்ளையும்தான் என்றும் நாங்க நம்பிட்டு இருந்தோம். 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 19-வது பிரிவில், அடிக்கிறவரையே வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போட முடியும். மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க, 181-க்கு போன் பண்ணினால் வழி சொல்வாங்க. அவன் அம்மாவிடம் சொன்னோம். "அவரு எங்க போவாரு பாவம்" என்றாங்க. அதுக்கு மேல் நாம என்ன பேச முடியும்? குடிப்பவருக்கு உதவி கேட்க 14446 இருக்கு, இலவசம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலேயே நடக்குது, பைசா கிடையாது. குடிக்கிறவங்க வீட்டு டீன்ஏஜ் பசங்களுக்கே 'அலட்டீன்' என்று தனி வட்டம் 1957-ல் அமெரிக்காவில் ஒரு டீன்ஏஜ் பையன் ஆரம்பிச்சு வெச்சது. அந்த வட்டங்களில் முதலில் புரிய வைக்கிறதே, அப்பா குடிக்கிறது உன்னால் இல்லை என்பதைத்தான்.

இது சப்பையான விஷயமா தெரியுதா? "நான் ஹாஸ்டல் சேராம இருந்திருந்தா இவ்ளோ மோசமா போயிருக்காதுடா" என்று ரூம்மேட் என்னிடம் பத்து தடவையாவது சொல்லியிருப்பான். தங்கச்சியும் அவள் பங்குக்கு, "நான் சைக்கிளைக் கேட்டு அழுததாலதான் அப்பா கதவை உடைச்சாரு" என்று நினைச்சுட்டு இருந்தாளாம். அப்பா பாட்டிலைத் திறந்ததற்கு, வீட்டில் இருந்த ரெண்டு பிள்ளைகளும் கணக்கை அவங்க பேரில் எழுதி வெச்சிருக்காங்க!

அப்பா மூணு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வெளியே வந்து ஐம்பது நாள் தொடலை. தீபாவளிக்கு மச்சான் வீட்டில் 'ஒரே ஒரு ரவுண்டு' ஆரம்பிச்சு, கார்த்திகைக்குள் பழைய இடத்துக்கே வந்துட்டார். ஜனவரியில் திரும்ப அட்மிட். இந்த நோயில் சறுக்கல் சகஜம், அதுக்காக சிகிச்சை தோத்துப்போச்சு என்று அர்த்தமில்லை என்றார் டாக்டர். ஆனா, குழுவின் கணக்கில் நாலு மாசம் முடிஞ்சிருந்தது. தங்கச்சி அம்மாயி வீட்டிலேயே இருக்கட்டும் என்று உத்தரவு. இந்த முறை அவன் உஷார். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரியை ஜெராக்ஸ் எடுத்து குழுவிடம் கொடுத்தான். குழு உத்தரவை ஜெராக்ஸ் எடுத்து ஆஸ்பத்திரி கவுன்சலரிடம் கொடுத்தான். கவுன்சலர் அதை ரெண்டு தடவை படிச்சுட்டு, "அடுத்த வாரம் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க" என்றார். ஒரு ஜெராக்ஸ், ரெண்டு ரூபா!

இப்போ அப்பா ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போயிட்டு வர்றார். எத்தனை நாளுக்கு என்று அவன் கேட்கிறதில்லை. இவனுக்கு ரெண்டு அரியர். கேம்பஸ் இன்டர்வியூவில் 'ஸ்டாண்டிங் அரியர் கூடாது' என்று போட்டிருக்கிற கம்பெனிகளை லிஸ்ட்டில் இருந்து அடிச்சுட்டு இருக்கான்.

போன சனிக்கிழமை ஹாஸ்டலில் தங்கினான். சாயங்காலம் ஆறு மணியில் இருந்து போனையே பார்த்துட்டு இருந்தான். எட்டே காலுக்கு ரிங். எடுத்த வேகத்தைப் பார்த்து எனக்கு வயிற்றைப் பிசைஞ்சது. தங்கச்சிதான். அம்மாயி வாங்கிக் கொடுத்த செகண்ட் ஹேண்ட் சைக்கிளில் செயின் கழண்டு போச்சாம், எப்படி மாட்டறதுன்னு கேட்டாள். மெக்கானிக்கல்காரன் அரை மணி நேரம் போனிலேயே க்ளாஸ் எடுத்தான். "பின்னாடி சின்ன பல்சக்கரத்துல முதல்ல மாட்டு... இல்லடி, மேல... இப்போ பெடலைப் பின்னாடி சுத்து..." அப்புறம் சத்தமில்லை. கொஞ்ச நேரம் கழிச்சு அந்தப் பக்கத்தில் இருந்து, எனக்கே கேட்கிற சத்தத்தில், "அண்ணா, மாட்டிக்கிச்சு!"